குளியலறை வாசலின் அகலம்

மார்ச் 3, செவ்வாய்

எண்ணெய், சோப்பு, வீட்டுக்காரருக்குப் பஞ்சும் கட்டுத்துணியும் வாங்கினேன். மீதியை டப்பாவில் போட்டாயிற்று. கணக்கு சரி.

கணக்கில் வராத ஒன்றை இங்கே எழுதுகிறேன். அவர் தண்ணீர் குடிப்பதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்து ஒரு வாரம் ஆகிறது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சக்கர நாற்காலி கூடத்தில் ஓடுகிறது, படுக்கையறையில் ஓடுகிறது, குளியலறை வாசலில் நின்றுவிடுகிறது. கதவைக் கழற்றித் திரை போட்டும் பயனில்லை. மரநிலை அவ்வளவு ஒடுக்கம். காலையில் வேலைக்குப் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் கொழுந்தன் வந்து தூக்கி உள்ளே உட்கார வைக்கிறார். இடையில் அவசரம் என்றால் நான்தான் பாத்திரம் பிடிக்கவேண்டும். அப்போதெல்லாம் இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

"சிறுநீரகம் ஏற்கெனவே பாதிதான் வேலை செய்யுது. தண்ணிய விட்டுடாதீங்க" என்று டாக்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். நானும் டம்ளர் டம்ளராகக் கொடுத்தேன். டம்ளர் காலியாகத்தான் திரும்பி வந்தது.

இன்று பெருக்கும்போது பார்த்தேன். ஜன்னலோரத் தொட்டிச் செடி மட்டும் என்றுமில்லாமல் தளதளவென்று நிற்கிறது. தொட்டிக்கடியில் ஈரம்.

தெய்வமே, நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அந்தச் செடியும் இல்லாமல் வேறு வழி தேடுவார்.

மார்ச் 5, வியாழன்

தச்சர் வந்தார். அவருக்கு 'நாளைக்காரர்' என்று பெயர் வைத்தவர் இவர்தான். நிலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சுவத்த இடிச்சுத்தான் எடுக்கணும்மா. ரெண்டு வாரமாவது ஆகும். நாளைக்கு வந்து முடிவா சொல்றேன்" என்றார். முன்பென்றால் "எந்த நாளைக்கு?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்திருக்கும். இன்று வரவில்லை.

மகள் போன் செய்தாள். "அம்மா, பெரியவங்களுக்கே டயப்பர் வருதே. ஏன் ரெண்டு பேரும் இப்படி அல்லாடுறீங்க?" அவள் பாசத்தில்தான் சொன்னாள். ஆனால் போன் சத்தமாக இருந்தது. இவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர். ஒருநாள்கூட நேரம் தவறி டிப்போவுக்குள் நுழையாதவர்.

மார்ச் 7, சனி

கொழுந்தன் குழாய் வேலை செய்கிறவர். "இடிக்கவே வேணாம் அண்ணி" என்று தன் பையிலிருந்து மாற்று பேட்டரியோடு ஒரு பேட்டரி ரம்பத்தை எடுத்து வைத்தார். முழங்கை நீளம்கூட இல்லை. மூக்கில் ஒல்லியாக ஒரு பிளேடு, அது முன்னும் பின்னும் குத்திக் குத்தி ஓடுகிறது. நிலையைச் சுவரோடு பிடித்திருப்பது இரும்புப் பட்டைகள்தானாம், ஒரு பக்கத்துக்கு மூன்று. சுவருக்கும் மரத்துக்கும் நடுவிலிருக்கும் சந்தில் பிளேடை விட்டுப் பட்டையை அறுத்துவிட்டால் மரம் தானாகக் கழன்று வரும்.

"அப்ப நீங்களே அறுத்துக் குடுங்களேன் தம்பி."

"இன்னும் ரெண்டு வாரத்துக்கு ராப்பகலா வேலை இருக்கு அண்ணி. நீங்க பண்ணுவீங்க. இது என் ரெண்டாவது சம்சாரம், பத்திரமா பாத்துக்கங்க. மொத ஆளைவிடச் சத்தம் கம்மிதான்."

அவர் மனைவி காதில் விழுந்திருந்தால் தெரியும் கம்மியா இல்லையா என்று.

இவர் மாத்திரைத் தூக்கத்தில் இருந்தபோது, கொல்லைக் கோடியில் பழைய அலமாரிப் பலகை ஒன்றைக் கல்லுக்கு மேல் வைத்துப் பழகினேன். விசையை அழுத்தியதும் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளியது, நானும் துள்ளினேன். "முன்னால இருக்கற தகட்ட மரத்தோட அழுத்திப் பிடிங்க. அழுத்தினாத்தான் அது உங்க பேச்சக் கேக்கும்." அழுத்தினேன். கேட்டது. பலகை இரண்டானது. மரத்துக்குப் பெரிய பல் பிளேடு, இரும்புக்குப் பொடிப் பல். மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். கூட வந்த புத்தகத்தை எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தேன். நான் கற்றதெல்லாம் இப்படித்தான்.

அளந்தேன். வாசல் இருபத்து நாலு அங்குலம், நாற்காலி இருபத்தைந்து. தாழ்ப்பாள் பக்கத்து மரத்தை மட்டும் எடுத்தால் இரண்டரை அங்குலம் கிடைக்கும். போதும்.

மார்ச் 8, ஞாயிறு



பிரார்த்தனை சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, நுழையும்போது பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று. பிளேடு மரத்தைத் தொட்டு ஒரு விரற்கடைகூட இறங்கியிருக்காது. படுக்கையறையிலிருந்து ஒரு அலறல். "நிறுத்து! நிறுத்துடி!" டம்ளர் பறந்து வந்து கூடத்துச் சுவரில் அடித்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, உடம்பெல்லாம் வேர்த்து...

நான் என்ன பண்ணிட்டேன் இப்ப? யாருக்காகப் பண்றேன்? எனக்கா நிலைய அறுக்கணும்னு ஆசை? இத்தனை வருஷத்துல ஒரு தடவை என்னை 'டி' போட்டதில்ல இந்த மனுஷன். நானும் பொறுத்துப் பொறுத்து... போதும். எழுதக்கூடாததை எழுதிவிடுவேன்.

மார்ச் 9, திங்கள்

அரை டம்ளர் குடித்தார். நான் பக்கத்திலேயே நின்றதால்.

மார்ச் 10, செவ்வாய்

கை ரம்பத்தால் முயன்றேன். சந்துக்குள் நுழையவே மாட்டேன் என்கிறது. உள்ளங்கையில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம். நாளைக்காரருக்குப் போன் செய்தேன். நாளைக்கு வருகிறாராம்.

மார்ச் 11, புதன்

இன்று கட்டை அவிழ்த்துக் காயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"கால எடுக்கறப்ப எனக்கு முழு மயக்கம் குடுக்கல. முதுகுல ஊசி போட்டாங்கல்ல. இடுப்புக்குக் கீழ மரத்துப் போச்சு. குறுக்க பச்சைத் துணி கட்டிட்டாங்க. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. காது நல்லாக் கேட்டுது."

நான் துடைப்பதை நிறுத்திவிட்டேன்.

"வலியே இல்லம்மா. உடம்பு மட்டும் ஆடுது. ஓட்ட வண்டில உக்காந்த மாதிரி. எலும்ப அறுக்கற சத்தம், உன் ரம்பத்தோட இதே சத்தம். பாதில இளைச்சுது. யாரோ, 'பேட்டரி மாத்துங்க'ன்னாங்க. மாத்தற வரைக்கும் எல்லாரும் சும்மா நின்னாங்க. நானும் சும்மாப் படுத்திருந்தேன். நிறுத்துங்கன்னு சொல்லணும் போல இருந்துது. சொல்லி என்ன ஆவப்போவுது. பாதில நிறுத்தி என்ன பண்ணுவாங்க."

வெளியே ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் கைகூப்பி உட்கார்ந்திருந்தேனே அந்த நேரம் முழுவதும். அவர் தூங்குகிறார், ஒன்றும் தெரியாது என்று உனக்கு நன்றி வேறு சொன்னேனே, தெய்வமே.

ரம்பத்தைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேல் வைத்துவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

காயம் காட்டும் நாள். கொழுந்தன் வேலைக்கு நடுவில் வந்து ஆட்டோவில் அழைத்துப் போனார். டாக்டர் கேட்டால் தண்ணீர் விஷயத்தை மறைக்காமல் சொல்லும்படி கொழுந்தனிடம் சொன்னேன்.

ஆட்டோ தெருமுனை திரும்பியதும் ரம்பத்தை இறக்கினேன்.

ஸ்டூல் மேல் ஏறி மேல்மூட்டுக்குக் கீழே மரத்தை அறுத்தேன். பிறகு பொடிப்பல் பிளேடு. சந்துக்குள் விட்டதும் இரும்பு கிறீச்சிட்டது, இரண்டு மூன்று பொறி பறந்தது, ஒரு பட்டை போனது. பிரார்த்தனையை வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது, ரம்பச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. உனக்குக் கேட்டிருக்கும். நடுப்பட்டையும் போனது. அடிப்பட்டைக்குத் தரையில் படுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசியில் கடப்பாரையால் ஒரு நெம்பு. மரம் மூச்சு விடுவதுபோல் சுவரை விட்டு வந்தது. பின்னால் சிவப்புச் செங்கலும் பழைய சுண்ணாம்பும்.

அவர்கள் வருவதற்குள் கூட்டித் துடைத்துவிட்டேன். வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலைமுடியிலிருந்த மரத்தூளைப் பார்த்தார்.

ரத்தப் பரிசோதனையில் உப்பு ஏறியிருக்கிறதாம். இப்படியே போனால் சிறுநீரகம் முழுதாக நின்றுவிடும் என்று டாக்டர் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்.

மார்ச் 14, சனி

நான் தள்ளினேன். நாற்காலி உள்ளே போனது.

"நானே போறேன், விடு" என்றார். வெளியே வந்து, திரும்பி, தானே சக்கர வளையத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். வாசலில் சரக்கென்று ஒரு சத்தம். இரண்டு கை விரல் முட்டியும் உரிந்து ரத்தம். ஒரு பக்கம் மரம், மறுபக்கம் செங்கல்.

நான் நாற்காலியை அளந்தேன். அதைத் தள்ளுகிற கையை அளக்கவில்லை. ஒரு குண்டூசியைக்கூடக் கணக்கு விடாமல் எழுதுகிறவள்!

மருந்து போடும்போது அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வண்டி அகலம்னா கண்ணாடியோட சேத்துத்தான். மொத நாளே சொல்லிக்குடுப்பாங்க."

"ஏங்க, நான் என்ன பஸ்ஸா ஓட்டிருக்கேன்?"

"அதான் இடிச்சிட்ட."

உதட்டோரத்தில் லேசாகச் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. ஆனால் இன்னொரு பக்கத்து மரத்தையும் எடுத்தாகவேண்டும். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போவது மாதக் கடைசியில். அதுவரை தண்ணீர்?

மார்ச் 16, திங்கள்

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில், "அத எடுத்துட்டு வா" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை. பேட்டரி இல்லாமல் கொண்டுபோய் மடியில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளேடின் பல்லை விரலால் தடவினார். "இவ்வளவு சின்னதா" என்றார், தனக்குள்.

பிறகு நாற்காலியைத் தானே நகர்த்திக்கொண்டு வந்து வாசலுக்கு நேராக நின்றார்.

"பேட்டரி போடு. ஆனா நான் ரைட் சொன்னாத்தான் ஓடணும். ஹோல்டான் சொன்னா அந்த இடத்துலயே நிக்கணும். பாதியா இருந்தாலும் சரி. முப்பது வருஷம் அடுத்தவன் விசிலுக்கு ஓட்டினேன். இன்னிக்கு நீ டிரைவர், நான் கண்டக்டர்."

வேண்டாங்க என்றேன். முகத்தைப் பார்த்ததும் அதற்கு மேல் சொல்லவில்லை.

"ரைட்."

அழுத்தினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. "ஹோல்டான்!" நின்றேன். அவர் கை நாற்காலிப் பிடியைப் பிசைந்துகொண்டிருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. நான் சுவரைப் பார்த்தபடியே நின்றேன்.

"ரைட்."

"ஹோல்டான்."

"ரைட்."

எத்தனை முறையென்று எண்ணவில்லை. எண்ணாமல் விட்டது இன்றைக்குத்தான். மரம் அறுபட்டது. மேல்பட்டை போனது. வர வர ரைட்டுக்கும் ஹோல்டானுக்கும் நடுவில் இடைவெளி கூடியது. நடுப்பட்டையில் பாதி போயிருக்கும், ரம்பம் இளைக்க ஆரம்பித்தது. சத்தம் தாழ்ந்து தாழ்ந்து... இந்தச் சத்தம். இதைத்தானே சொன்னார். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.



பிறகு அவர் குரல்: "பேட்டரி மாத்தும்மா."

மாற்றினேன். விரல் வழுக்கியது. கிளிக்கென்று உட்கார்ந்தது.

"போலாம்... ரைட்!"

அதற்குப் பிறகு ஹோல்டான் வரவேயில்லை. மரம் கழன்று விழும்வரை.

மார்ச் 19, வியாழன்

கொழுந்தன் ராத்திரி வேலை முடிந்து வந்து இரண்டு பக்கமும் பூசிக் கொடுத்தார். பிளாஸ்டிக் மடிப்புக் கதவு வாங்கியாயிற்று. செலவு எழுதினேன்.

மார்ச் 22, ஞாயிறு

கதவை மாட்டினோம். தாழ்ப்பாளை எந்த உயரத்தில் வைப்பது என்று கொழுந்தன் கேட்டார். இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி கையை நீட்டி, "இங்க" என்றார். அங்கேயே வைத்தோம்.

மதியம் இன்னொரு வேலை. கட்டில் உயரம் அதிகம், நாற்காலியிலிருந்து ஏற முடியவில்லை. "நாலு காலையும் நாற்காலிக்குச் சமமா அறுத்துடு" என்று அவரே சொன்னார். கால் என்ற சொல் வாயில் வந்ததும் எனக்குச் சுருக்கென்றது. இவரோ, "பாவம், எனக்கு ஒண்ணுதான். அதுக்கு நாலும்" என்றார். கொழுந்தன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஸ்பேனரைத் தேடினார். நான் அறுத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு காலுக்கும் அளவு சொன்னார். மூன்றாவது காலில் மட்டும் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டார்.

பழைய நிலை மரம் கொல்லையில் கிடக்கிறது. தேக்கு. வீணாக்கக்கூடாது. நனையாமல் எடுத்து வைக்கவேண்டும்.

மார்ச் 24, செவ்வாய்

காலையில் அடுப்படியில் இருந்தேன். சக்கரம் உருளும் சத்தம் கூடத்தைத் தாண்டிப் போனது. நான் கையைத் துடைத்துக்கொண்டு போவதற்குள் மடிப்புக் கதவு இழுபட்டு, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.

வெளியே நின்றேன். விழுந்துவிட்டால்? கூப்பிட்டால் கேட்கவேண்டுமே?

"அங்க நிக்கிறியா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"இல்லங்க."

"பொய் சொல்லாத, உன் சாமி பாத்துட்டிருக்கு. போ, போய் உன் வேலையப் பாரு."

போனேன்.

ரம்பத்தைத் துடைத்து, பிளேடைக் கழற்றி, பேட்டரியை முழுக்க ஏற்றிக் கொழுந்தனுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

தொட்டிச் செடி இரண்டு நாளாகத் தலை தொங்கி நிற்கிறது. தொட்டி மண் காய்ந்து வெடித்திருக்கிறது. இனி அதற்கு நான்தான் ஊற்றவேண்டும்.