நிமிர்த்தி ஏற்றிய அடுப்பு

துல்ஹஜ் பிறை மூன்று. இரவு.

மூத்த பேரன் சிஹான் கொழும்பில் டொக்டர். அவன் தங்கச்சி கம்பஸில் முதலாவதாக வந்தாள். சின்னவன் கட்டாரில் இன்ஜினியர். அல்ஹம்துலில்லாஹ், இந்தத் தெருவில் இப்படி ஒரு குடும்பம் இல்லை.

போன நோன்புப் பெருநாளைக்கு சிஹான் ஒரு பீங்கான் கரி அடுப்பு வாங்கி வந்தான். "ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்து குர்பான் இறைச்சி சுட்டுத் தாறன் மூத்தம்மா" என்று இங்கேயே விட்டுப் போனான். இன்று காலை அதை ஏற்றிப் போகப் சின்னப் பட்டா லொறி அனுப்பியிருந்தான். பெருநாள் கொழும்பிலேயாம்.

நான்தான் நின்று ஏற்றினேன். கம்பித் தட்டையும் கரிச் சட்டியையும் கழற்றி வேறாகச் சுற்றினேன். மூடிக்கும் அடிக்கும் நடுவில் மவுத்தாகிப் போய்விட்ட என் புருஷன் உடுத்திய மருதமுனைச் சாரனை மடித்து வைத்துக் கட்டினேன். மூடியில் பிடித்துத் தூக்க விடவில்லை. டிரைவர் சரித்துக் கிடத்தப் பார்த்தான்.

"நிமிர்த்தி வை தம்பி, வைக்கல் பரப்பித் தாறன். பள்ளத்துல மெதுவாப் போ."

"என்ன மூத்தம்மா, புள்ளத்தாச்சியையா ஏத்துறீங்க?"

"ஓம், அப்படி நினைச்சே ஓட்டு."

மஃரிப் தொழுகைக்குப் பிறகு பக்கத்து வீட்டு றிஸானாவின் போனுக்குப் படம் வந்தது. அடுப்பில் ஒரு கீறல் இல்லை. ஏன்தான் இவ்வளவு கவனமாகக் கட்டினேனோ. ஏற்ற ஏலாது என்று சொல்லியிருந்தால் அதற்காகவாவது வந்திருப்பான்.

படத்தில் அடுப்பு மட்டும்தான் நின்றது. மகனே சிஹான், உன்ட முகம் தெரியிற புதுப் படம் ஒன்று கழுவித் தபாலில் அனுப்பு. றிஸானாவிடம் போனை இன்னொரு தரம் காட்டச் சொல்லிக் கேட்க வெட்கமாக இருக்கிறது.