ஸ்கோர் தாளில் இல்லாத உனக்கு

மாப்ள,

மகள் கல்லூரிக் கூடைப்பந்து மேட்ச் முடிந்து வந்து பையைக் கூடத்தில் போட்டாள். பந்தின் ரப்பர் வாடையும் வியர்வையும் கலந்து மூக்கில் ஏறியதுமே நீ வந்துவிட்டாய். இவளும் உன்னைப் போல பாயிண்ட் கார்டுதான். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யாருக்கு எப்போது கொடுப்பது என்று பார்க்கிற வேலை. செல்போனில் இன்றைய கணக்கைக் காட்டி அழாத குறையாகப் பேசினாள். "நல்ல நல்ல பாஸாத்தாம்ப்பா குடுத்தேன். அவங்க எல்லாத்தையும் வெளிய அடிச்சாங்க. எனக்கு அசிஸ்ட்டே ஏறல."

இப்போது அதையும் எண்ணுகிறார்கள். உன் பாஸை வாங்கியவன் கூடையில் போட்டால் உன் பெயரில் ஓர் அசிஸ்ட். நீ பந்தைப் பறிகொடுத்தால் அதுவும் உன் பெயரில். ஒன்றை மற்றொன்றால் வகுத்து ஆளை எடைபோடுகிறார்கள். வாங்கியவன் தவறவிட்டால் மட்டும், நீ கொடுக்கவே இல்லை என்று ஆகிவிடுகிறது. அரைகுறைக் கணக்குதான். நம் காலத்தில் அதுகூட இல்லையே என்று எனக்கு வயிறு எரிகிறது.

நம் மயிலாடுதுறை மைதானத்து ஸ்கோர் தாளில் இரண்டே விஷயம்தான்: யார் போட்டது, யார் ஃபவுல் செய்தது. அறுவடை நாட்களில் அந்த சிமெண்டுத் தரையில் நெல் காயும். அதைக் கூட்டி அள்ளிய பிறகுதான் ஆட்டம். நெல்லுச் சுணை ஒட்டி உடம்பெல்லாம் அரிக்கும். நீ சொறிந்துகொண்டே, என் பக்கம் திரும்பாமலே, சரியாக என் கைக்குப் பந்தை அனுப்புவாய். "கைய மட்டும் தயாரா வை மாப்ள, மத்தத நான் பாத்துக்குறேன்" என்பாய். திமிர் பிடித்தவன்.

ஓர் அரசு அலுவலகத்திலிருந்து விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்க, நம் ஆட்டத்தைப் பார்க்க வந்தார்கள். தாராளமயம் என்று பேப்பரெல்லாம் எழுதிக்கொண்டிருந்த சமயம். இனிமேல் இப்படி எடுக்கவே மாட்டார்கள் என்று ஊரில் பேச்சு. இருந்தது ஒரே இடம். உன் அத்தா துபாய் விசாவுக்குச் சொல்லி வைத்திருந்தார். இந்த வேலை கிடைக்காவிட்டால் நீ விமானம் ஏற வேண்டியதுதான். உனக்கோ போகவே பிடிக்கவில்லை. வருகிறவர்கள் பாயிண்டைக் கூட்டிப் பார்த்துத்தான் எடுப்பார்கள் என்பதால், அன்று காலையில் நெல்லைக் கூட்டும்போதே அணியில் மற்ற நாங்கள் நால்வரும் பேசிவைத்தோம். இன்று நாங்கள் கொடுப்போம், நீ போட வேண்டும். நீயும் சரி என்று தலையாட்டினாய்.

கொடுத்தோம். நீயும் சில போட்டாய். ஆனால் யாராவது தனியாக நிற்பது கண்ணில் பட்டால் உன் கை சும்மா இருந்தால்தானே? கடைசி நிமிடத்தில் பந்தோடு கூடைக்கு அடியில் நின்றாய். "நீயே போடுடா!" என்று கத்தினேன். உன்னைத் தடுக்க ஒருவன் பாய்ந்து வந்தான். அடுத்த நொடி பந்து என் கையில் இருந்தது. பழக்கம், போட்டுவிட்டேன்.

"பைத்தியக்காரா, ஏண்டா குடுத்த?"

"நீ தனியா நின்ன. வேற என்ன பண்ணச் சொல்ற?"

என் பெயரை வாசித்தார்கள். வந்திருந்த அதிகாரியிடம் ஓடினேன். "சார், நான் போட்டதெல்லாம் அவன் குடுத்தது சார்." அவர் நல்ல மனிதர்தான், தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தார். "அத எழுத இதுல இடமே இல்லையேப்பா" என்றார்.

நான் வேலையில் சேர்ந்தேன். நீ துபாய் போனாய். கிடங்கில் மூட்டை ஏற்றும் வேலை. ஒருமுறை லீவில் வந்தபோது உனக்கு முட்டி மடங்கவில்லை. "அங்கயும் பாஸ் குடுக்குற வேலைதான் மாப்ள, பந்துக்குப் பதிலா மூட்டை" என்று நீதான் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த லீவுக்கு முன்னால் சேதி வந்தது. படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்றார்கள். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க உன் அம்மாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

நான் பார்த்ததிலேயே பெரிய பாயிண்ட் கார்டு நீதான் என்று மகளிடம் சொன்னேன். அவள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, "அவருக்கு எத்தன அசிஸ்ட்ப்பா?" என்றாள்.

யாரும் எழுதிவைக்கவில்லை என்றேன்.

"ஒண்ணுகூடவா தெரியாது?"

"ஒண்ணு தெரியும்மா" என்றேன். "அதுலதான் நம்ம வீட்டுல இன்னிக்கும் சோறு வேகுது."