மதிலை நகர்த்தச் சம்மதித்தார்கள், அஞ்சலை

என் செல்லத் தங்கச்சி அஞ்சலைக்கு,

மரி என்று உன்னைக் கூப்பிட மாட்டேன். ஞானஸ்நானம் கொடுத்து அந்தப் பேரை வைத்தவர்களே கடைசியில் உன்னைத் தெரியாது என்றார்கள். நான் எதற்கு அதைச் சுமக்க வேண்டும்?

இந்த வருஷப் புயலில் மாதா கோவில் கல்லறையின் மதில் சாய்ந்துவிட்டது. போன ஞாயிறு உபதேசியார் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதே ஆள்தான். உன் சவப்பெட்டியைக் கோவில் கதவில் மறித்து, "காவடி எடுத்தவளுக்கு இங்க மணி அடிக்க மாட்டோம்" என்றவர். தலை நரைத்திருக்கிறது, குரல் மாறவில்லை.

"அக்கா, உங்க கரும்புக் காட்டுல கல்லு குவிஞ்சு கிடக்குதாமே. மதில் கட்டணும். வண்டி அனுப்பட்டுமா?"



அந்தக் கோவில் யாருடையது, அஞ்சலை? கதவுக்கு மேலே தோட்டத்துத் துரை குடும்பத்தின் பேரைப் பொறித்திருக்கிறார்கள். கல் கொடுத்தது நம் அப்பா. கான் தெ மாஸ்க் ஊரில் வாங்கிய துண்டு நிலத்தைத் திருத்தும்போது பொறுக்கிய கல்லையெல்லாம் வண்டி வண்டியாக அங்கே கொட்டினார். "எந்தச் சாமி வீடானா என்ன" என்றார். கட்டி முடித்ததும் முன்வரிசை நாற்காலி துரைமாருக்கு, அடுத்தது கலப்பு வம்சத்துக் கிரியோல்காரருக்கு. நீயும் உன் புருஷனும் கதவோரம் நின்றீர்கள். நீயோ, "அங்க பாட்டு நல்லாயிருக்கு அக்கா" என்றாய். வாரம் முழுக்க தோட்டத்து மேஸ்திரி சர்தாரின் ஏச்சு கேட்ட காதுக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

குழந்தைக்குக் காய்ச்சல் விடவில்லை என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாய், முருகனுக்குக் காவடியும் எடுத்தாய். பெற்றவள் வேறென்ன செய்வாள்? குழந்தை பிழைத்தது. அதே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது.

நம் முருகன் கோவில் தலைவரும் யோக்கியர் இல்லை. "தலையில தண்ணி ஊத்திக்கிட்டுப் போனவ. தேவாரம் பாட ஆள் வராது" என்று வெற்றிலையைத் துப்பினார். அவர் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் நான் இன்றுவரை போனதில்லை. மணியும் இல்லாமல் தேவாரமும் இல்லாமல் மதிலுக்கு வெளியே உன்னைப் புதைத்தோம்.

உபதேசியாரிடம் சொன்னேன்: "கல்லு தர்றேன். புது மதில் என் தங்கச்சியையும் சேர்த்துச் சுத்தி வரணும்."

"அது வேதச் சட்டமாச்சே அக்கா."

"கேட்டுட்டு வாங்க."

மறுநாளே வண்டியோடு பல்லெல்லாம் தெரிய வந்தார். "பாதிரியார் சரின்னுட்டார்! நாலு அடி தள்ளிக் கட்டினா தீந்துது!"

தீர்ந்ததாம். உன்னைத் தெருநாய் மாதிரி வெளியே போட்டதெல்லாம் நாலு அடி சமாசாரம்! அன்றைக்கே அப்பா கொட்டின கல்லைக் காட்டிப் பேரம் பேசியிருந்தால் உனக்கு மணி அடித்திருப்பார்களோ?

"வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போங்க" என்றேன்.

"நீங்கதானே அக்கா கேட்டீங்க?"

"கேட்டேன். முடியாதுன்னு சொல்லியிருந்தா, உங்க சட்டத்தையாவது மதிச்சிருப்பேன்."

அன்று காய்ச்சலில் பிழைத்த உன் மகள் அழுதாள். "அம்மாவை உள்ள விடுறேன்னாங்களே பெரியம்மா, நீங்க ஏன் தடுத்தீங்க?" வாராவாரம் அந்தக் கோவிலில் முழங்கால் போடுகிறவள் அவள். நீ இருந்திருந்தால் நீயும் உள்ளே போகத்தான் ஆசைப்பட்டிருப்பாயோ?

தெரியவில்லை. ஆனால் கல் கொடுத்தால் கிடைக்கிற இடத்தில் உன்னைக் கிடத்த எனக்கு மனசில்லை.

கரும்பு வெட்டு தொடங்குமுன் நம் காட்டுக் கல்லை உன்னிடமே கொண்டுவருகிறேன். மதில் கட்ட மாட்டேன். உன் தலைமாட்டில் ஒரு மேடை கட்டுவேன், நாலு பக்கமும் திறந்திருக்கும். உன் மகள் மெழுகுவர்த்தி வைக்கட்டும், நான் சூடம் கொளுத்துகிறேன். பாதிரியாரையும் கேட்கமாட்டேன், பூசாரியையும் கேட்கமாட்டேன். இது சத்தியம்.

ஒருத்தரையும் மன்னிக்காமல்,
உன் கூடப்பிறந்த அக்கா