பெரட்டில் கூப்பிட்ட பெயர்

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். லயத்தில் போனில் பேசினால் அடுத்த வீட்டுக்கும் கேட்கும், அதனால் எழுதுகிறேன். அக்கரப்பத்தனையில் இன்னும் மழை விடவில்லை.

போன வாரம் ஒரு நாள் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை தேயிலைக் கொழுந்தெடுக்கும் வேலைக்குப் பெயர் கூப்பிட்டார். டயகமவிலிருந்து புதிதாக வந்த பிள்ளை ஒருத்தியின் முறை வந்தது. இயக்கத்தில் துப்பாக்கி தந்த அன்று நீங்கள் எனக்கு வைத்த பெயர்தான் அவளுக்கும். அவள் வாய் திறக்குமுன் என் குதிகால்கள் சேர்ந்துவிட்டன. “ஓம், அக்கா!” என்று கத்திவிட்டேன்.

“கணக்கப்பிள்ளை எப்ப அக்காவா ஆனாரு?” என்று பெண்கள் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. “ஒன் பேரு ஊர்மிளாதானே?”

“காது சரியா கேக்கலைங்க” என்றேன். அது பொய்யில்லை. இடது காது எப்படிப் போனதென்று உங்களுக்குத் தெரியும்; காய்ச்சலில் போனதாகத்தான் என் வீட்டுக்காரரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பிள்ளைக்கு என் பக்கத்து நிரை. காலில் அட்டை ஏறினால் மலையே கேட்க அலறுகிறாள். நான்தான் போய்ப் பிடுங்கிப் போடுகிறேன். பயப்படாதே என்று மட்டும் சொல்வதில்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒருத்தியாவது பயப்படட்டும், அக்கா.

இப்படிக்கு,
நீங்கள் பெயர் வைத்த தங்கை