கோணக்கொண்டைக்காரி அடித்த மணி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். தூங்குகிறாயா என்று எனக்கு இப்போது பெரிய சந்தேகம் வந்துவிட்டது, ஏன் என்று கீழே வருகிறது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் என்றால் நான் பாதி சொல்லும்போதே அம்மா அம்மா என்று குறுக்கே வந்துவிடுவாய், எனக்கும் சொல்ல வந்தது மறந்துவிடும். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. முழுதும் படித்துவிட்டு அப்புறம் பேசு.

வீட்டில் சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, ஊரில் உள்ள பிரிட்ஜை எல்லாம் பழுது பார்க்கிற உன் அப்பாவுக்கு நம் வீட்டுக் குழாயைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. மாடியில் குடியிருக்கும் தையல்காரர் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் நலம். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் பெரிய திரை மாட்டியிருக்கிறார்கள், இனிமேல் இணையத்தில் இருப்பதையும் சேர்த்துத்தான் பாடம் நடத்த வேண்டும் என்று தலைமை ஆசிரியை உத்தரவு போட்டுவிட்டார். வீடியோ பார்த்துச் சரித்திரம் படிப்பது ஓட்டல் வாசலில் நின்று வாசனை பிடித்து வயிறு நிரப்புவது மாதிரி என்று உன் காது புளிக்கச் சொன்னவள் நான். ஆனால் உட்கார்ந்து தேடிப் பார்த்தபோது ஆடிப்போய்விட்டேன். பழைய செய்தித்தாள்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து யாரோ புண்ணியவான்கள் போட்டு வைத்திருக்கிறார்கள். நம் ஊரின் பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்து நகர்த்திப் பார்க்கலாம். நம் பள்ளிக்கூடம் இருக்கிற இடத்தில் முன்பு மரக்கிடங்கு இருந்திருக்கிறது, அதான் டீச்சர் பின் பெஞ்சுல எல்லாரும் கட்ட மாதிரி உக்காந்திருக்காங்க என்றாள் ஒருத்தி. இத்தனை நாள் இதையெல்லாம் விட்டுவிட்டு வெறும் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு மாரடித்தோமே என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

அந்த உற்சாகத்தில்தான் ஒன்பதாம் வகுப்புக்கு, நாமெல்லாம் பிறப்பதற்கு முன்பு நம் ஊரில் வந்த பெரிய வெள்ளத்தைப் பற்றித் தேடி வரச் சொன்னேன். என் வகுப்பில் பழைய சட்டம் ஒன்று உண்டு, உனக்கும் தெரியும், எதைக் கொண்டு வந்தாலும் யார் பார்த்தது, யார் எழுதியது, எப்போது எழுதியது என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும். மறுநாள் ஒவ்வொருத்தராக எழுந்து வாசிக்கிறார்கள், வெள்ளம் வந்த அன்று ஆற்றங்கரை மணிக்கூண்டில் ஒரு பெண் ஏறி மணியடித்து ஊரை எழுப்பினாளாம், அவளுக்குக் கொண்டை கோணலாக இருக்குமாம், ஊரார் அவளைக் கோணக்கொண்டைக்காரி என்று கூப்பிடுவார்களாம். அந்தப் பேர் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையைத் தாண்டி வெளியே போனதே இல்லையே. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மணிக்கூண்டுக் கதவு பூட்டிக் கிடந்தது, சாவி வைத்திருந்த காவல்காரன் அக்கரையில் மாட்டிக்கொண்டான், மணி அடிக்கவே இல்லை என்று அப்பா சொன்னதும் நீ அழுது சாப்பாட்டைத் தள்ளிவிட்டாய். உன்னை ஒரு வாய் விழுங்க வைக்க அப்பா அங்கேயே உன் தலையில் கோணலாக நின்ற கொண்டையைப் பார்த்து ஒரு கொண்டைக்காரியை உண்டாக்கி மேலே ஏற்றிவிட்டார். பிறகு தினமும் அவள் வந்தால்தான் உனக்குச் சாப்பாடு இறங்கும், பூட்டிய கதவை நீ அடியோடு மறந்துவிட்டாய் போல.

என்னைக் காட்டிக்கொள்ளாமல் மூன்று கேள்வியையும் கேட்டேன். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், அங்கேயே தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு குழந்தைகள் தளத்தில் படத்தோடு போட்டிருந்தது, அது ஒரு தகவல் களஞ்சியத்தைக் காட்டியது, களஞ்சியம் ஒருவர் எழுதிய கட்டுரையைக் காட்டியது, கட்டுரைக்காரர் ஒரு வீடியோவைக் காட்டினார், அந்த வீடியோவின் அடியில் மேலும் அறிய என்று போட்டு அதே களஞ்சியத்துக்கே வழி காட்டியிருந்தது. செய்தித்தாள் பக்கத்தைத் திறந்தால் கதவு பூட்டியிருந்ததும் மணி அடிக்காததும் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. அப்ப யாருமே பாக்கல டீச்சர், ஒருத்தர பாத்து ஒருத்தர் எழுதியிருக்காங்க என்றான் வகுப்புத் தலைவன். சரி, வீடியோவைப் போடு என்றேன். அதை அக்கா வீடியோ என்கிறார்கள், ஊரில் பாதிப் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் பரீட்சைக்குப் படிக்கிறார்களாம், முகம் தெரியாது, குரல் மட்டும்தான் என்றார்கள். திரையில் தண்ணீர் படம் வந்தது. பிறகு உன் குரல் வந்தது.

மொழிபெயர்ப்பு ஆபீசில் வேலை முடிந்து களைத்துப் படுத்துவிடுகிறேன் என்று நீ சொன்னதை நம்பிக்கொண்டிருந்தவள் நான். நான் கேலி செய்வேன் என்றுதானே மறைத்தாய். கண் கலங்கியதைப் பார்த்து என்னாச்சு டீச்சர் என்று கேட்டார்கள், சாக்பீஸ் தூசி என்றேன். திரை வந்ததிலிருந்து சாக்பீஸே கிடையாது, அது அவர்களுக்கும் தெரியும், மரியாதைக்காக விட்டுவிட்டார்கள். ஒன்று சொல்கிறேன், பெருமையாகவும் இருந்தது. வரைபடத்தை வைத்து ஆறு எப்படித் திரும்பியது என்று நீ விளக்கிய விதம் எனக்கு இத்தனை வருஷத்தில் வரவில்லை. அந்தப் பெருமையைக் கூட நிம்மதியாக அனுபவிக்க முடியாமல் செய்துவிட்டாயே.

அன்று மத்தியானம் எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர், நீ கணக்கு அத்தை என்று கூப்பிடுகிறவள், ஆசிரியர் அறைக்கு வந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வேறொரு வகுப்பில் ஆசிரியர் வராததால் அவள் போயிருக்கிறாள், பிள்ளைகள் அதே வீடியோவைப் போட்டிருக்கிறார்கள், முடிந்ததும் ஒரு பிள்ளை எழுந்து, மணி அடிச்சும் ஆத்தோரத் தெரு ஆளுங்க ஏன் டீச்சர் ஓடல என்று கேட்டிருக்கிறது. அத்தை அதற்கு என்ன சொல்வாள். அவளுடைய அப்பா அந்தத் தெருவில் கூரைமேல் ஏறித் தப்பிய பிள்ளை, அவருடைய அக்காமார் இரண்டு பேரும் உள்ளே தூங்கியபடியே போய்விட்டார்கள், இது உனக்கும் தெரிந்ததுதான், ஆனால் நீ வீடியோ செய்தபோது அதையும் இதையும் சேர்த்து யோசிக்கவில்லை. கீழே ஜனங்கள் எழுதியிருப்பதை அவள் போனில் காட்டினாள். அவ்வளவு மணி அடித்தும் எழுந்திருக்காத சோம்பேறிகள் என்று ஒருவர், பொருளை விட்டு வர மனசில்லாமல் செத்திருப்பார்கள் என்று இன்னொருவர். ஒரு பிள்ளையைச் சாப்பிட வைக்க அடித்த மணி, செத்துப்போனவர்கள் தலையிலேயே பழியாக விழுந்துவிட்டது. நாம ரெண்டு பேரும் சேந்து அந்தப் பொண்ணுக்குக் கண்டிச்சு எழுதுவோம், நீதான் சரித்திரம், உன் கையெழுத்து முதல்ல இருக்கட்டும் என்றாள் அத்தை. நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அது என் பிள்ளைதான் என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். முதலில் நம்ம கதையா பரீட்சைக்கு வருது என்று சிரித்தார். பிறகு கீழே எழுதியிருந்ததைப் படிக்கக் கொடுத்தேன். தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டார். புள்ள அழுதுச்சு, வேற என்ன பண்ணியிருப்பேன் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் முதல் மணிக்கு முன்பே அத்தையைப் படிக்கட்டில் நிறுத்தி உடைத்துச் சொல்லிவிட்டேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தவளுக்கு அந்தக் குரல் தெரியாதா, முதல் வரியிலயே தெரிஞ்சுது, நீயா வந்து சொல்றியா இல்ல என்கூட உக்காந்து கையெழுத்துப் போடப் போறியான்னு பாத்தேன், ஒரு ராத்திரி எடுத்துக்கிட்ட என்றாள். எனக்குச் சப்பென்று அறைந்தது போல இருந்தது. இத்தனை வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டவள் என்னைச் சோதித்துப் பார்த்திருக்கிறாள், அதைவிட நான் அந்தச் சோதனையில் ஒரு நாள் தடுமாறியிருக்கிறேன்.

நீ உடனே அந்த வீடியோவை எடுத்துவிடப் போவாய், எடுக்காதே. அத்தைதான் சொன்னாள், அவ எடுத்துட்டா மத்த இடத்துல எல்லாம் அது அப்படியே கெடக்கும், அவ வாயாலயே மாத்திச் சொல்லட்டும் என்று. அப்பா, எல்லாப் பழியையும் என் மேல போடச் சொல்லு என்கிறார், அதைக் கேட்காதே. பழியெல்லாம் யாருக்கும் வேண்டாம், மூன்று கேள்விக்கு உண்மையான பதில் போதும். யாரும் பார்க்கவில்லை, என் அப்பா சொன்னார், நான் அழுததால் சொன்னார் என்று சொல். செய்தித்தாள் பக்கத்தைத் திரையில் காட்டு. களஞ்சியத்துக்கும் குழந்தைகள் தளத்துக்கும் நீயே எழுதித் திருத்தச் சொல். கீழே எழுதியவர்களை ஒன்றும் திட்ட வேண்டாம், நீ சொன்னதை நம்பித்தான் எழுதினார்கள்.

கண் கெட்டுப் போகும்படி திரையையே பார்த்துக்கொண்டிருக்காதே, வேளைக்குச் சாப்பிடு. கல்வியும் ஆயுளும் நல்ல பேரும் உனக்குக் குறையாமல் இருக்கட்டும் என்று நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். ஒன்றை மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை அத்தை உன்னை போனில் கூப்பிடுவாள். செத்துப்போன அந்த இரண்டு பேருடைய பேரையும் என்னிடம் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள், உன்னிடம்தான் சொல்வாளாம், நீ அதை வீடியோவில் சொல்ல வேண்டுமாம். அவள் கோபமாகப் பேசுவாள் என்று நினைக்காதே, வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த அதே குரலில் எழுத்துக்கூட்டி எழுதிக்கொள் என்பாள். அழுதாலும் பரவாயில்லை, போனை எடு.

இப்படிக்கு,
உன் அம்மா