பூட்டுப் போட்டவர் பெயர்

கோயம்புத்தூர்
9.5.1989

அன்புள்ள சங்கரபாண்டியனுக்கு,

நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நாலாம் தேதி உன் பேப்பரில் வந்த செய்தியை ஏஞ்சலின் அக்கா கத்தரித்து அனுப்பியிருக்கிறாள். 'குடிநீர்த் தொட்டியில் சமூக விரோதிகள் அட்டகாசம். பூட்டை உடைத்துக் கும்பல் புகுந்தது. அரசுச் சொத்து சேதம். கிராமத்தில் பதற்றம்.' அருப்புக்கோட்டை நிருபர் என்று போட்டிருக்கிறது. அந்தப் பேப்பருக்கு அங்கே நீ ஒருத்தன்தானே நிருபர்?

அந்தக் கும்பல் யார் தெரியுமா? எங்கள் அம்மாவும் எங்கள் தெருப் பெண்களும். ஆயுதம், ஆட்டுரல் குழவி. எங்கள் தெருக் குழாய்க்குப் போகிற வால்வைப் பூட்டிவிட்டு, பதினோரு நாள் செங்கல் காளவாசலுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். பன்னிரண்டாம் நாள் பூட்டை உடைத்துக் குடத்தில் பிடித்தார்கள். பூட்டைத் தவிர ஒன்றும் சேதமில்லை. பம்ப் செட் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் சொல்கிறேன், வால்வைத் திறப்பது சேதத்தில் சேராது. திறக்கத்தான் அதை வைக்கிறோம்.

செய்தியை வாசிக்கச் சொன்னதே அம்மாதானாம். "சங்கரபாண்டி எழுதினதா? நம்ம வீட்டுல சாப்பிட்ட பிள்ளை, சரியாத்தான் எழுதியிருப்பான், வாசிடி." அக்கா வாசித்து முடித்ததும், "சமூக விரோதின்னா யாருடி?" என்றாளாம். "நீதாம்மா" என்றாளாம் அக்கா.

சிரிப்பு அதோடு சரி. வழக்கில் அக்கா பெயரும் இருக்கிறது. ஆறு வருஷம் காத்திருந்து இப்போதுதான் டீச்சர் வேலை வந்திருக்கிறது. போலீசில் நன்னடத்தைச் சான்று வாங்கி ஜூன் இருபதுக்குள் கொடுக்காவிட்டால் ஆர்டர் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஸ்டேஷனில் உன் செய்தியைக் கத்தரித்து ஃபைலில் ஒட்டி வைத்திருக்கிறார்களாம்.

பூட்டை உடைத்தது யார் என்று எழுதிவிட்டாய். பூட்டுப் போட்டது யார் என்று கேட்டாயா?

ஜோஸ்வா


அருப்புக்கோட்டை
15.5.1989

அன்பு ஜோஸ்வாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு கடும் கோபம் நிலவுவதாகத் தெரிய வருகிறது.

என் பிழைப்பு உனக்குத் தெரியாததா? மதுரை பஸ் ஐந்து மணிக்கு. செய்திக் கவர் கண்டக்டர் கையில் ஏறினால்தான் மறுநாள் பேப்பரில் வரும். அன்றைக்கு நாலரைக்குத்தான் ஸ்டேஷனில் தகவல் சொன்னார்கள். உங்கள் ஊருக்குப் போய்த் திரும்ப மூன்று மணி நேரம். ஊர்ப் பெயரைப் பார்த்தபோது மனதில் நெருடல் ஏற்பட்டது. இருப்பினும் செய்தி அனுப்பப்பட்டது.

சமூக விரோதிகள் என்று நான் யோசித்து எழுதவில்லை. அது ஏற்கெனவே அங்கே இருந்தது. இத்துடன் வைத்திருக்கும் தாளைப் பார்.

ஞாபகம் வருகிறதா? பாலிடெக்னிக் படிக்கும்போது என் அறையில்தான் தங்கியிருந்தாய். வாரத்தில் இரண்டு நாள் நான் பஸ்ஸைத் தவறவிடுவதைப் பார்த்துவிட்டு, "தெனம் ஒரே செய்தி. அதை எதுக்குலே புதுசு புதுசா எழுதுற?" என்று திட்டினாய். நீயே ஒரு செய்திப் படிவத்துக்கு ஸ்டென்சில் வெட்டி, காலேஜ் மெஷினில் ஐநூறு தாள் அடித்து வந்தாய். இடம். நாள். சேதம். சமூக விரோதிகள் எத்தனை பேர். போலீஸ் நடவடிக்கை. கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு என்னை நிரப்பச் சொன்னாய். நாலு நிமிஷம் ஆனது. குதித்தாய்.

நீ கேட்கிற கேள்விக்கு அதில் கட்டம் இல்லை.

சங்கரபாண்டியன்


கோயம்புத்தூர்
20.5.1989

ஏலே சங்கரபாண்டி,

தாள் வந்தது. என் கையெழுத்துதான். இல்லை என்று சொல்ல வழியில்லை.

இங்கே மரத்தில் மாதிரி உருவம், அதாவது பேட்டர்ன் செய்து, மணலில் பதித்து, அந்தப் பள்ளத்தில் இரும்பை ஊற்றுவோம். பேட்டர்னில் ஒரு குழி இருந்தால் ஊற்றுகிற நூறு உருப்படியிலும் அதே குழி இருக்கும். போன மாதம் அப்படி வந்ததற்கு, பேட்டர்ன் செய்த சோணைமுத்து அண்ணனை எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். உன் கடிதம் வந்ததிலிருந்து அவர் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது. ஐநூறு அடித்தேனே, எத்தனை ஊருக்குப் போயிருக்கும்?

பழைய பேப்பர்களைப் பார்த்துத்தான் அந்த ஸ்டென்சிலை வெட்டினேன். பள்ளிக்கூடப் புத்தகத்திலும் அதே வார்த்தையைத்தான் மனப்பாடம் செய்திருந்தேன். சந்தேகமே வரவில்லை. சமூக விரோதி என்றால் வேறு ஏதோ ஊர்க்காரன் என்று நினைத்திருக்கிறேன்.

ஆனால் பேட்டர்ன் என்னுடையது என்றால், ஊற்றினது நீ. ஒரு நாள் பஸ்ஸை விட்டுவிட்டு ஊருக்குப் போய்ப் பார். ஜூன் இருபது. மறந்துவிடாதே.

ஜோஸ்வா


கோயம்புத்தூர்
8.6.1989

சங்கரபாண்டியனுக்கு,

பதில் இல்லை. அக்கா மூன்று தடவை ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டாள். "பேப்பர்லயே வந்துருச்சேம்மா, நாங்க என்ன செய்ய?" என்கிறார்களாம். அவர்கள் சொன்னதால் நீ எழுதினாய். நீ எழுதியதால் அது உண்மையாம். இந்த சர்க்யூட்டில் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னும் பன்னிரண்டு நாள். இதற்கும் பதில் வராவிட்டால் என் நோட்டில் உன் விலாசத்தை அடித்துவிடுவேன்.

ஜோஸ்வா


அருப்புக்கோட்டை
19.6.1989

அன்புள்ள ஜோஸ்வா,

முதலில் இது. அக்காவுக்குச் சான்று கிடைத்துவிட்டது. இன்று மத்தியானம். கையெழுத்தும் சீலும் என் கண் முன்னால் விழுந்தன. மூச்சு விட்டுக்கொள்.

ஏதாவது செய்துவிட்டு எழுதலாம் என்றுதான் பதில் போடவில்லை. உங்கள் ஊருக்குப் போனேன். அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "சமூக விரோதி வீட்டுத் தண்ணி, குடிப்பியாய்யா?" என்றார்கள். செம்பைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்துவிட்டு, "குடி குடி, பொரையேறிச் செத்துவச்சா அதுக்கும் எங்க மேல கேசு போடுவாக" என்று சிரித்தார்கள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

வால்வு திறந்துவிடுகிற இருளாண்டியிடம், சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டேன். "காளவாசல் ஆபீஸ் மேசையில. பூட்டே அவுக வாங்கிக் குடுத்ததுதான். யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றார்.

படிவம் இல்லாமல் எழுத மூன்று மணி நேரம் ஆனது. பஸ் போய்விட்டது. மறுநாள் அனுப்பினேன். ஏழாம் பக்கத்தில் ஆறு வரி போட்டார்கள். அந்த ஆறு வரிக்குள் மூன்று 'கூறப்படுகிறது' சேர்த்திருக்கிறார்கள். முதல் செய்தியை எடுத்துப் பார்த்தேன். போலீஸ் சொன்னதற்கு ஒரு 'கூறப்படுகிறது'கூட இல்லை. ஆனாலும் காளவாசல்காரர் பெயர் அச்சில் ஏறிவிட்டது.

அதோடு, முதல் செய்தி நான் ஊருக்கே போகாமல், ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதியது என்று என் கைப்பட எழுதித் தாசில்தாரிடம் கொடுத்தேன். அவர் நேரில் வந்து வால்வைப் பார்த்தார், இருளாண்டியைக் கேட்டார். வழக்கைக் கைவிட்டார்கள். ஃபைலில் பழைய செய்தியின் மேலேயே புதியதை ஒட்டச் சொன்னேன். ஏட்டு, "மேலயெல்லாம் ஒட்ட முடியாதுய்யா, வேணும்னா பக்கத்துல ஒட்டுறேன்" என்றார். போகட்டும்.

எழுதிக் கொடுத்தது மதுரை ஆபீசுக்குத் தெரிந்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள். என்ன செய்வார்களோ தெரியாது.

'தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதி, அடித்துவிட்டேன். நான் தப்பு செய்தேன், ஜோஸ்வா.

மிச்சப் படிவங்கள் அறுபத்து மூன்று. தனிக் கட்டாக அனுப்பியிருக்கிறேன். உன் பொருள், நீயே வைத்துக்கொள்.

சங்கரபாண்டியன்


கோயம்புத்தூர்
6.8.1989

ஏலே சங்கரபாண்டி,

நலம்தானே? இந்தத் தடவை கேட்கிறேன்.

தாளைத் திருப்பினால் உன் படிவம் தெரியும். நிரப்பித் தொலைக்காதே. பின்பக்கம் சும்மாதானே கிடக்கிறது என்று எழுதுகிறேன். இன்னும் அறுபத்திரண்டு இருக்கிறது. அத்தனை கடிதத்தையும் நீ படித்தாக வேண்டும்.

மதுரையில் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. சோணைமுத்து அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு தம்பி?" என்றார். உன் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் டீ நேரம் முடிந்துவிட்டது.

அக்காவுக்கு மல்லாங்கிணறு பக்கம் பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பு. போன வாரம் பொதுச் சொத்து பாடமாம். படத்தில் ஒருத்தன் பஸ்மேல் கல் எறிகிறான். பொதுச் சொத்தைச் சேதப்படுத்துவோர் யார் என்று கேள்வி. விடை உனக்கே தெரியும். பாண்டீஸ்வரி என்று ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், இவுக ஊருல பஸ்ஸு நிக்காதா?" என்று கேட்டதாம். அக்கா புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "அதை இதுல போடலம்மா" என்றாளாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம்.

அம்மா உன்னை வரச்சொல்கிறாள். தண்ணீர் இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறதாம். வராத நாளாகப் பார்த்துப் போ, செய்தி அன்றைக்குத்தான் இருக்கும். ஐந்து மணி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாதே. மறுநாளும் ஒன்று இருக்கிறது.

உன்
ஜோஸ்வா