தீபாவளி ஷிப்டுக்குக் கை தூக்கியவளுக்கு

கேன்டீனில் இன்று நெய் மணம். தீபாவளியன்றும் வேலைக்கு வருகிறவர்களுக்குக் கம்பெனி தரும் மைசூர்பாக்குப் பெட்டி. எங்கள் அசெம்பிளி லைனுக்குப் புதிதாக வந்த பெண் தன்னுடையதைத் திறக்காமலே என் பக்கம் தள்ளினாள். "எனக்கு வேணாம்க்கா." எனக்குச் சுரீரென்றது. நீயும் இப்படித்தான் தள்ளுவாய்.

பொங்கலோ தீபாவளியோ, யாருக்கு லீவு வேண்டுமென்றாலும் அந்த ஷிப்டுக்கு நீதான் கை தூக்குவாய். தென்காசிப் பக்கத்துப் பெண்ணான உனக்கு ஊருக்குப் போக ஏன் ஆசையில்லை என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஏறினோம். ஹாஸ்டலில் முதலில் எழுந்து எல்லோருக்கும் தண்ணீர் பிடித்து வைப்பவளும் நீதான். தூக்கமே இல்லாமல்தான் எழுந்தாய் என்று யார் கண்டது? ஒருநாள், நல்லா இருக்கியா என்று கேட்டேன். "எனக்கு என்னட்டி, நல்லாத்தான இருக்கேன்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

நீ உன் உயிரை முடித்துக்கொண்ட மறுநாள் சூப்பர்வைசர் லைனை நிறுத்தி இரங்கல் சொன்னார். "ஒரு நாள் லீவு போடாத பொண்ணு. இன்னா கொறை அதுக்கு?" ஹாஸ்டல் வார்டனும் அதே பாட்டுத்தான்: "சிரிச்சிகினுதானே இருந்துச்சு." லைன் ஓடினால் போதும், ஆள் எப்படி இருந்தால் என்ன இவர்களுக்கு!

இன்று கேன்டீனில் அதே சூப்பர்வைசர் இந்தப் புதுப் பெண்ணைக் காட்டி, "லீவே கேக்காது. தங்கம். பாத்துக் கத்துக்கங்க" என்றார்.

"இதையேதான் சார் அவளுக்கும் சொன்னீங்க" என்று உன் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டேன். கேன்டீனே திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்து போய்விட்டார்.

நல்லா இருக்கியா என்று அந்தப் புதுப் பெண்ணிடம் நான் கேட்கவில்லை. அதற்கு என்ன பதில் வரும் என்று எனக்குத்தான் தெரியுமே. "எத்தினி நாளா தூங்கல நீ?" என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. அப்புறம் அழுதாள், அப்படி அழுதாள். டாக்டரிடம் கூட்டிப்போகிறேன், நானும் உள்ளே வருகிறேன் என்றதும் தலையாட்டினாள்.

ஷிப்ட் முடிந்ததும் நாளைக்கு இரண்டு பேருக்கும் லீவு கேட்கப் போனோம். சூப்பர்வைசர் காரணம் கேட்டார். உடம்பு சரியில்லை என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"மனசு சரியில்ல சார்."

அவ்வளவுதான். அவர் லீவு கொடுத்துவிட்டார். கேட் வரைக்கும் உன்னைத் திட்டிக்கொண்டே நடந்தேன். என்னிடமாவது நீ இதைச் சொல்லியிருக்கலாமேடி.